பைனாகுலரும் ஆட்டுக்கல் பாறையும்

நான் போன கடற்கரையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாகர்கோவிலுக்கு மேற்கே, குளச்சலுக்குக் கிழக்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் சொன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் விழும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தால் புண்ணியம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. காப்பிக் கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குடிக்கமாட்டேன். திருநெல்வேலியில் நான் வேலை பார்க்கும் அரிசி மில் முதலாளிக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கி வைத்திருந்த பைனாகுலர் மங்கிப்போயிற்று. கோட்டாற்றில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் இதையெல்லாம் பார்ப்பார் என்று கேள்விப்பட்டதும், "நீர்தான் போகணும் வேய். கண்ணாடியை மாத்திருவான். பக்கத்துலயே உக்காந்து பாரும்" என்று என் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் காற்றும் வேறு, பேச்சும் வேறு. சமஸ்தானம் போய்த் திருவாங்கூர்-கொச்சி ஆகிவிட்டது. பாரத தேசம் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கச் சோதனைச் சாவடி மட்டும் இருந்தது. சாவடிக்காரர் என் பையை உதறினார். அரிசி இல்லை. தோல் உறையைத் திறந்து, பைனாகுலரை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மலையாளத்தில் அவர் சொன்னது, "ஆள் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறான், விட்டுவிடலாம்" என்பது. எனக்கு அவ்வளவு மலையாளம் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

கோட்டாற்றுக் கடைத்தெருவில் நடக்கிறவனை இடிக்காத ஆளில்லை. ஒவ்வொரு இடிக்கும் நான் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கிளப்புக் கடையில் சோறு சிவப்பாக, குண்டு குண்டாக வந்தது. கழுவவில்லையோ என்று கேட்டேன். "கழுவுனாலும் அதுக்க நெறம் அதுதான் அண்ணாச்சி" என்றார் பரிமாறியவர். அப்பளத்தைத் தேங்காயெண்ணெயில் பொரித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் தலைக்குத்தான் தேய்ப்போம். இரண்டு வாய் தின்ற பிறகு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை.

ரிப்பேர்க்காரர் மீரான் சாயபு கொழும்பில் தொழில் படித்தவர். ஒற்றைக் கண்ணில் கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு பைனாகுலரைக் கழற்றினார். நான் முக்காலியை அவர் முழங்காலோடு முட்டும்படி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க என் கையப் பாக்கியளா, கண்ணாடியப் பாக்கியளா?"

"ரெண்டையும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே பூசணம் துடைத்து, திருகுகளை முறுக்கிக் கையில் கொடுத்தார். தெருக்கோடி வரை பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு உறுத்தியது. நான் தும்மியபோது மாற்றியிருப்பாரோ?

"இது தூரத்துச் சாமான்" என்றார் மீரான் சாயபு. "தெருவுல வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நாளைக்குக் கடக்கரைக்குக் கொண்டு போயிப் பாருங்க. கொறை இருந்தா கொண்டு வாங்க. இல்லண்ணா எனக்கு நிம்மதி, ஒங்களுக்கும் நிம்மதி."

தங்கியிருந்த சத்திரத்துக் கணக்கப்பிள்ளை அந்தக் கடற்கரையைச் சொன்னார். அமாவாசைக்கு மறுநாள் வேலியிறக்கத்தில், அதாவது கடல் உள்வாங்கி நிற்கும் நேரத்தில், வேறு நாளில் கண்ணில் படாத பாறைகளெல்லாம் வெளியே வருமாம். கட்டில் மாதிரி ஒன்று, ஆட்டுக்கல் மாதிரி நூற்றுக்கணக்கில் குழிகள். "நாளைக்கு அமாவாசைக்கு மறுநாளாக்கும், போயிட்டு வாரும்" என்றார். இவ்வளவு ஆசையாக ஒருவர் நம்மை எதற்கு ஊருக்கு வெளியே அனுப்பவேண்டும் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

மறுநாள் காலை பஸ் பாதி வழியில் நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும் என்றார் கண்டக்டர். நான் பையையும் பைனாகுலரையும் விட்டு இறங்கமாட்டேன், தூக்கிக்கொண்டு தள்ளவும் மாட்டேன் என்றேன். கடைசியில் என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "உள்ளே ஒரு நெல் மூட்டை இருக்கு, பாத்துத் தள்ளுங்கலே மக்கா" என்றது என் காதில் விழுந்தது.

இறங்கித் தென்னந்தோப்புக்குள் நடந்தால், மணலின் நிறமே சரியில்லை. சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் மிளகாய்ப் பொடி நிறம். அந்தத் தோப்பு முடிகிற இடத்தில் பாறைகள்.

கணக்கப்பிள்ளை பொய் சொல்லவில்லை. கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. பாசி படர்ந்த பாறைகள் ஈரம் சொட்டச் சொட்ட நின்றன. ஒன்று நான்கு காலும் தெரியக் கட்டில் போலவே இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி அந்த ஆட்டுக்கல் பாறை. தரை முழுக்க வட்ட வட்டமான குழிகள். உள்ளே வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒவ்வொரு குழியிலும் உருண்டையாக ஒரு கல் கிடந்தது, குழவியைப் போல. யாரோ கொத்தி, கல்லையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒரு குழிக்குள் அலை நுழைந்து அந்தக் கல்லை உருட்டி அரைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். மாவில்லாமல், ஆளில்லாமல் கடல் அங்கே அரைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரியைக் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கட்டில் பாறையில் ஏறி உட்கார்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வெறுங்கண்ணுக்குக் கடலில் சில புள்ளிகள், கண்ணாடியில் கட்டுமரங்கள். அதில் ஒரு மரம் மற்றவற்றைவிட்டு விலகித் தனியாக நின்றது. இரண்டு பேர். தூண்டில் கயிற்றை இழுக்க இழுக்கப் பெரிய பெரிய மீன்களாக வந்தன. கண்ணாடி அசல்தான். மீரான் சாயபுவைச் சந்தேகப்பட்டது தப்பு. அதோடு எழுந்து வந்திருக்கவேண்டும்.

நான் ஆட்டுக்கல் பாறைக்கு மாறி மறுபடி பார்த்தேன். மரத்தில் இருந்தவர்களில் ஒருவன் எழுந்து நின்று என் பக்கம் கையை நீட்டினான். உடனே இரண்டு பேரும் அவசர அவசரமாகக் கயிற்றைச் சுருட்டினார்கள். மீன் வந்துகொண்டிருந்த இடத்தை விட்டுவிட்டு வேறு திசையில் துடுப்பு போட்டார்கள். மீன் பிடிக்கிறவன் மீனை விட்டு ஓடுவானா? கள்ளக் கடத்தல்தான் என்று முடிவு கட்டினேன். கொழும்பிலிருந்து என்னென்னவோ வருகிறது என்று பேப்பரில் படித்திருக்கிறேன். விடாமல் பார்த்தேன். அவர்கள் ஒன்றுமில்லாத தண்ணீரில் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மீன்கூட வரவில்லை.

கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். தோளில் துணியில் கட்டிய கைக்குழந்தை. "ஓய், ஏறி வாரும்! வெள்ளம் ஏறுது!"

கடத்தல்காரனின் ஆள், என்னைப் பார்க்கவிடாமல் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அசையாமல் நின்றேன். அப்புறம் பார்த்தால் நான் வந்த வழியைக் காணோம். குழிகளெல்லாம் நிறைந்து, இரண்டு பாறைக்கும் நடுவில் கடல் ஓடியது. பைனாகுலரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வழுக்கி வழுக்கிக் கரை சேர்ந்தேன். அவள் கை கொடுக்கவில்லை.

"ஒம்ம ஆரு அனுப்புனது?" என்று கேட்டாள். "அடுத்த கரைக்காரனா?"

"என் முதலாளி" என்றேன் உண்மையாகவே. அது நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

அவள் பெயர் திரேசம்மாள். தனியாக நின்ற மரத்துக்காரன் லாசரின் மனைவி. வேட்டி காயும்வரை தன் குடிசையில் இருக்கச் சொன்னாள். சொன்ன விதத்தில், நானாகப் போக நினைத்தாலும் போகமுடியாது என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் மரம் கரையேறியது. லாசரும், அவனோடு மரத்தில் போகும் சூசை என்ற கிழவரும் நேராகக் குடிசைக்கு வந்தார்கள். கூடையில் பாதிகூட மீன் இல்லை.

"வெயில்ல மின்னுச்சே, அந்தக் கொழலு எங்க?" என்றார் சூசை.

நான் பைனாகுலரை மடியில் இறுக்கிக்கொண்டேன். முதலாளியுடையது என்றேன். ரிப்பேர் என்றேன். மீரான் சாயபு என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. எனக்கே நான் சொல்வது பொய் போலப் பட்டது.

"என்னத்தப் பாத்தீரு?" என்றான் லாசர். "பாத்தத அப்பிடியே பறையும்."

பார்த்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து ஒன்று விடாமல் சொன்னேன். கட்டில் பாறையிலிருந்து பார்த்தபோது உங்கள் மரம் எந்தப் பாறையின் நுனிக்கு நேராக இருந்தது. ஆட்டுக்கல் பாறையிலிருந்து பார்த்தபோது எந்த இரண்டு பாறைக்கு நடுவில் இருந்தது. சந்தேகக்காரனுக்கு இதெல்லாம் மறக்காது. சொல்லி முடித்ததும் திரேசம்மாள் எழுந்து போய்க் கதவுத் தட்டியைச் சாத்தினாள்.

"முடிஞ்சு" என்றார் சூசை. "ரெண்டு நேரும் அவருக்கிட்ட இருக்கு."

அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடத்துக்கு அங்கே 'பார்' என்று பெயர். கலவா மீன் அங்கேதான் கிடக்கும். ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் அதைத் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டான். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை இரண்டு பக்கமாக நேர்பிடித்துத்தான் ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குப் போவான். மற்ற மரம் கிட்டே வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறெங்காவது போய் நடிப்பான். நான் கரையிலிருந்து இரண்டு நேர் பிடித்துவிட்டேன். அவை சந்திக்கும் இடம் இவர்களுடைய பார்.

சூசைக்கும் ஒரு காலத்தில் சொந்தப் பார் இருந்ததாம். எவனோ பார்த்துச் சொல்லிவிட்டான். அடுத்த கரை மரங்கள் எல்லாம் மொய்த்து ஒரே பருவத்தில் துடைத்துப் போட்டுவிட்டன. அன்றிலிருந்து அவர் லாசரின் மரத்தில் துடுப்பு போடுகிறார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பைனாகுலரையே பார்த்தார்.

"கொழலக் கடல்ல எறிவோம்" என்றார்.

"ஐயோ, என் வேலை போய்விடும்!" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்பம் குருசடியில வந்து சத்தியம் செய்யட்டும்" என்றார் அடுத்தபடியாக. குருசடி என்பது கரையோரத்தில் சிலுவை நட்ட சிறு கோயில்.

"அவரு இந்துவாக்கும். நம்ம குருசடியில செய்த சத்தியம் அவரப் பிடிக்குமா?" என்றான் லாசர்.

"அவருக்க சாமி மேல செய்யட்டும்."

"அந்தச் சாமிய நமக்குத் தெரியுமா, நாளைக்குச் சாட்சிக்குக் கூப்பிட?"

இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே எனக்கு எந்தச் சாமி பொருந்தும் என்று வெகுநேரம் வழக்காடினார்கள். எந்தச் சத்தியத்திலும் ஓட்டை இருப்பதை ஆளுக்கொரு பக்கம் கண்டுபிடித்தார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் இதையேதான் செய்திருப்பேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை.

கடைசியில் சூசை சொன்னார்: "பெத்த புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் செய்யச் சொல்லு. எந்தச் சாதிக்காரனும் அத மீறமாட்டான்."

"எனக்குப் பிள்ளை இல்லை" என்றேன்.

இந்தக் கேள்வி நான் எந்த ஊருக்குப் போனாலும் என்னைத் தேடி வந்துவிடும். கல்யாண வீட்டில் வரும், ரயிலில் வரும். ஒரு மீனவக் குடிசையில், இப்படிச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை.

"கொழலப் பணயமா வச்சிட்டுப் போவட்டும்" என்று லாசர் முணுமுணுத்தான்.

திரேசம்மாள், "கொழலு இங்க கெடக்கும். வாயி அவருகூடத்தான போவும்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க கரையில புள்ளைக்கு ஞானஸ்நானத்துல தலையத் தொடுகவனத் தலைதொட்டப்பன்னு சொல்லுவோம். பாரு எங்கன்னு தகப்பனுக்குத் தெரியும், பெறவு தலைதொட்டப்பனுக்குத் தெரியும். வேற ஆருக்கும் தெரியக்கூடாது. கடலுக்குப் போனவன் வரல்லண்ணா, புள்ள கஞ்சி குடிக்க ஒருத்தனுக்குப் பாரு தெரியணுமில்லியா? வாற ஞாயிற்றுக்கெழம இந்தப் புள்ளைக்குத் தலை தொட சூசைப் பெரியப்பாவ வச்சிருக்கு. இப்பம் ஒமக்கும் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சவரு தொட்டுத்தான் ஆவணும்."

"இந்துவயா? சாமியாரு கோயிலுக்குள்ள விடுவாரா ஏட்டி?" என்று பாதிரியாரை நினைத்துத் துள்ளினார் சூசை.

"கோயில்ல நீரு தொடும். வீட்டுல இவரு தொடட்டும். சாமியாருக்கு எதுக்குச் சொல்லணும்?"

சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். வைப்பதற்கு இடம் வேண்டுமே என்று நான் பைனாகுலரை எடுத்துப் பாயில் வைத்தேன். சூசையின் கைக்கு எட்டும் தூரம். அதை நான் யோசிக்கவேயில்லை.

பெண் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிராது. மீன் வாசமும் பால் வாசமும் கலந்து அடித்தது. உச்சந்தலையில் கையை வைத்தேன். அந்த மெத்தென்ற இடத்தில் உயிர் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, கையை எடுக்கவும் மனம் வரவில்லை.

"ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பறையாண்டாம்" என்றாள் திரேசம்மாள். "பறையாம இருந்தாப் போதும்."

லாசர் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தூண்டில் கயிற்றை உலர்த்தத் தொடங்கினான். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் உள்ளியும் வைத்து அரைத்த துவையலும் தந்தார்கள். நான் மீன் தின்னமாட்டேன் என்பதால் புதுச் சட்டியில் அவித்ததாகச் சொன்னாள். சட்டி புதுசுதானா என்று பார்த்தேன். புதுசுதான். கிழங்கு எங்கள் ஊர்ச் சர்க்கரைவள்ளிபோல இனிக்காது, ஆனால் வயிற்றில் நன்றாக நிற்கும்.

சாயங்காலம் பஸ் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு மீன் தரகர் ஏறி, காலியிடம் நிறைய இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் அகலப் பெல்ட், காதில் பென்சில். மட்டிப்பழச் சீப்பு ஒன்றை அவிழ்த்து எனக்கு இரண்டு பழம் நீட்டினார்.

"கொழலு வச்சுப் பாறையப் பாத்துட்டு வாற அண்ணாச்சி நீங்கதானா? கரையெல்லாம் பேச்சு" என்றார். பிறகு மெதுவாக, "லாசரு மட்டும் கலவா மீனாக் கொண்டாறான். மத்தவனுக்குச் செதிலுகூட இல்ல. எந்தப் பக்கமாப் போறான்? ஒங்க கொழலுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"ஒண்ணும் தெரியல. ரிப்பேர் சரியில்ல. ஒரே மங்கல்" என்றேன். மீரான் சாயபு என்னை மன்னிக்கவேண்டும்.

"சும்மா ஒரு கைய நீட்டிக் காட்டுங்க. கெழக்கயா, மேக்கயா?"

நான் ஜன்னல் வழியாக வாழைத்தோட்டத்தைப் பார்த்தேன். அவர் விடவில்லை. என் முதலாளிக்கு மாதாமாதம் கருவாடு அனுப்புவதாகச் சொன்னார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நாலுபேர் கெட்டுப்போகாமல் இதில் ஒரு வியாபாரம் நடக்கும் என்றார். நான் அவருடைய பழத்தை அவர் மடியிலேயே திருப்பி வைத்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓய், நீரு கணவாய்க்கு அந்தப்புறத்து ஆளு. நாளைக்கு ஒம்ம ஊருக்குப் போயிருவீரு. இப்பிடிப் பொத்திப் பொத்தி வைக்கதுக்கு ஒமக்கு அந்தக் கரையில புள்ளையா குட்டியா கெடக்கு?"

"ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கு" என்றேன். "தலை தொட்டிருக்கேன்."

தரகர் பழங்களை எடுத்துப் பழையபடி கட்டி வைத்தார். அந்தக் கரையில் மீன் எடுக்கிறவருக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டாறு வரும்வரை அவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.